ஆக்கியா, சவானாவா, கபரகொய்யாவா? உடும்பு கேட்கும் மகனின் தந்தைக்கு

கேள்வி: "மகனுக்கு 16 வயது. நாலைந்து மாதமாக உடும்பு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். போன மாதம் ஊர்வன கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஒரு விற்பனையாளர் மூன்று குஞ்சுகளைக் காட்டினார். ஒன்று சவானா உடும்பு, விலை மிகக் குறைவு. அடுத்தது ரெட் ஆக்கி. 'சுத்தமான அகாந்துரஸ் துணையினம்' என்றார். மூன்றாவது 'சிறிலங்கன் வாட்டர் மானிட்டர்'. அது எங்கள் கபரகொய்யாதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊரில் குளக்கட்டில் பார்த்த பிராணி என்பதால் எனக்கே ஆசை வந்துவிட்டது. துணையினம் என்றால் என்ன? அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா? நாங்கள் இருப்பது பேஸ்மென்டில். மனைவிக்குப் பயம். நாலு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். மகன் இரண்டு வருடத்தில் யூனிவர்சிட்டிக்குப் போய்விடுவான் என்பதும் யோசனையாக இருக்கிறது."
– ஒரு தந்தை, ஸ்காபரோ, கனடா

பதில்:

அன்புள்ள ஐயா,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். மூன்றில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது ஆக்கி என்ற சிறிய முள்வால் உடும்பு மட்டுமே. கபரகொய்யா வேண்டாம். சவானா உடும்பும் வேண்டாம். அது விலை குறைவு என்பதாலேயே இன்னும் கூடுதலாகச் சொல்கிறேன், வேண்டாம். ஆக்கியையும் அந்தக் கண்காட்சி மேசையிலிருந்து அன்றே தூக்கிவர வேண்டாம். கூண்டு தயாரான பிறகு வாங்குங்கள்.

துணையினம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே இனத்து விலங்குகள் பரந்த நிலப்பரப்பிலோ தனித்தனித் தீவுகளிலோ பிரிந்து வாழும்போது, செதில் அமைப்பிலும் நிறத்திலும் உடல் அளவிலும் நிலையான வேறுபாடுகள் உண்டாகின்றன. தனி இனம் என்று சொல்லுமளவுக்கு விலகாமல், கண்டுகொள்ளும் அளவுக்கு மட்டும் வேறுபட்ட அந்தக் கூட்டங்களை ஆய்வாளர்கள் துணையினம் என்று பிரிக்கிறார்கள். அறிவியல் பெயரில் மூன்றாவதாக வரும் சொல் அதுதான். வளர்ப்பவருக்கு அந்த மூன்றாவது சொல் ஒரே ஒரு விஷயத்தில் உதவும்: இந்த விலங்கின் முன்னோர் எந்த நிலத்தில், எந்த வெயிலில், எந்த மண்ணில் வாழ்ந்தார்கள் என்று அது சொல்லும். அதிலிருந்துதான் கூண்டின் சூடு, ஈரம், மண் எல்லாம் முடிவாகும். விற்பனையாளர் அந்தச் சொல்லை விலையை ஏற்றுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் ஆசைப்பட்ட கபரகொய்யாவையே எடுத்துக்கொள்வோம். நீர் உடும்பு (அறிவியல் பெயர் வரானஸ் சால்வேட்டர்) என்ற இந்த இனம் இலங்கையிலிருந்து இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருக்கிறது. ஆந்த்ரே கோக்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2007ல் இதை முழுக்க மறுபரிசீலனை செய்தார்கள். அதுவரை துணையினங்களாக வைத்திருந்த பிலிப்பைன்ஸ் உடும்புகளைத் தனி இனங்களாக்கினார்கள். இனத்தின் மூலப்பெயரைத் தாங்கும் சால்வேட்டர் துணையினம் இலங்கைக்கே உரியது என்று வரையறுத்தார்கள். தென்கிழக்கு ஆசியப் பெருநிலம், சுமத்ரா, போர்னியோ பக்கம் வாழ்வது மாக்ரோமாகுலாட்டஸ். ஜாவாவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் பிவிட்டாட்டஸ். அந்தமானில் அந்தமானென்சிஸ். 2010ல் இந்தோனேசியாவின் ஓபி தீவிலிருந்து சீக்லரி என்று இன்னொன்றும் சேர்ந்தது. ஆக, நீங்கள் குளக்கட்டில் பார்த்த கபரகொய்யா இந்த முழு இனத்துக்கும் மூலமான துணையினம். அந்தப் பெருமை உங்கள் ஊருக்கு உண்மையிலேயே உண்டு.

ஆனால் கண்காட்சிப் பெட்டியில் இருந்த குஞ்சு அதுதான் என்று நான் நம்பமாட்டேன். இலங்கையில் கபரகொய்யா சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. செல்லப்பிராணி வணிகத்துக்கென்று அங்கிருந்து ஏற்றுமதியாவதில்லை. உலகச் சந்தைக்கு வரும் நீர் உடும்புகளில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருபவை. அந்தக் குஞ்சு மாக்ரோமாகுலாட்டஸாக இருந்தால் 'சிறிலங்கன்' என்ற பெயர் பொய். உண்மையிலேயே இலங்கையிலிருந்து வந்திருந்தால் எப்படி வந்தது என்ற கேள்வி அதைவிடப் பெரிது. இரண்டில் எதுவானாலும் நீங்கள் அதை வாங்கக் கூடாது.

சந்தைப் பெயர்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதே இனத்தில் இன்னொரு உதாரணம் உண்டு. தாய்லாந்துப் பக்கத்துக் கறுப்பு நீர் உடும்புகளை 1987ல் கொமைனி என்ற துணையினமாக அறிவித்தார்கள். 2007 ஆய்வு அந்தப் பெயரை எடுத்துவிட்டது. அவை கறுப்பு நிறம் கூடிப் பிறந்த மாக்ரோமாகுலாட்டஸ், அவ்வளவுதான். ஆனாலும் கறுப்புக் குஞ்சுக்கு இன்றும் தனிப் பெயர், தனி விலை. நிறத்தைத் துணையினமாக எண்ணிக்கொள்வது வளர்ப்பவர்களிடம் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறான புரிதல்.

அளவையும் யோசியுங்கள். நீர் உடும்பு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை சாதாரணமாக வளரும். கண்டியில் 3.21 மீட்டர் நீளமுள்ள ஒன்று பதிவாகியிருக்கிறது. முழு வளர்ச்சியில் 2 மீட்டரைத் தாண்டக்கூடிய பல்லி வகைகளை வைத்திருக்க டொராண்டோ நகர விதி அனுமதிப்பதில்லை, ஸ்காபரோவும் அதற்குள் வருகிறது. விதியே இல்லாவிட்டாலும், இறங்கி நீந்தத் தொட்டியும் அறை அளவுக் கூண்டும் கேட்கும் பிராணியை நாலு வயதுக் குழந்தை இருக்கும் பேஸ்மென்டில் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஊர் ஞாபகத்தில் வரும் ஆசை எனக்குப் புரிகிறது. அடுத்த முறை இலங்கை போகும்போது மகனையும் அழைத்துப்போய் ஒரு குளக்கரையில் நிறுத்துங்கள். கபரகொய்யாவை அவன் பார்க்க வேண்டிய இடம் அது.

சரி, சவானா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் உடும்பு வாங்குபவர்கள் கையில் அதிகம் போய்ச் சேருவது இதுதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, குறிப்பாக கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து, ஆயிரக்கணக்கில் குஞ்சுகளாக ஏற்றுமதியாகிறது. 'பண்ணையில் பிறந்தது' என்று சீட்டு ஒட்டியிருக்கும். பெரும்பாலும் காட்டில் தோண்டியெடுத்த முட்டைகளிலிருந்தும், பிடித்துவந்த சினைப் பெட்டைகள் இட்ட முட்டைகளிலிருந்தும் பொரித்தவை அவை. விலை குறைவாக இருப்பதன் காரணம் இதுதான். நீர்ச்சத்து வற்றி, குடற்புழுக்களோடு, நீண்ட பயணக் களைப்போடு வந்து சேருகின்றன. முதல் சில மாதங்களிலேயே நிறையக் குஞ்சுகள் இறந்துவிடுகின்றன.

தப்பிப் பிழைப்பவற்றுக்கு வேறு ஆபத்து. கானாவில் நடந்த கள ஆய்வுகளில் சவானா உடும்பின் வயிற்றில் கிடைத்தவை வெட்டுக்கிளி, சில்வண்டு, மரவட்டை, தேள், நத்தை. பூச்சி தின்னும் பிராணி அது. வீட்டிலோ வாரம் இரண்டு எலி போடுகிறார்கள். எலியைப் பிடித்து விழுங்குவதைப் பார்க்க ஆசை. என்னிடம் வரும் சவானா உடும்புகளில் அடிக்கடி பார்ப்பது ஒரே காட்சிதான்: வயிறு தரையில் இழுபட நடக்கும், வாலடி உருண்டு பருத்திருக்கும், எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றின் பாதியைக் கொழுப்புத் திரள் அடைத்திருக்கும். கால் மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து வீங்கி, தொட்டாலே காலை இழுத்துக்கொள்ளும். வறண்ட மரத்தூள் மேல் வைத்து, தோண்ட மண் கொடுக்காமல், எலி போட்டு வளர்த்ததன் விளைவு இது. சொந்தக்காரர் அன்பாகத்தான் வளர்த்திருப்பார். பெயரில் சவானா இருப்பதால் பாலைவனப் பிராணி என்று நினைத்திருப்பார். அந்த உடும்பு ஈரமான வளைகளில் ஒதுங்கி வாழும் பிராணி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சவானாவுக்கு இன்று துணையினம் எதுவும் இல்லை. தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் வெண்தொண்டை உடும்பை ஒரு காலத்தில் இதன் துணையினமாக வைத்திருந்தார்கள், இப்போது அது தனி இனம். இதையும் சந்தையில் குழப்புவார்கள். வெண்தொண்டை நன்றாகப் பெரிதாகும் பிராணி. 'சவானா மாதிரிதான்' என்று யாராவது கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள்.

இனி ஆக்கி. வட, மேற்கு ஆஸ்திரேலியாவின் பாறை நிலங்களில் வாழும் முள்வால் உடும்பு. வாலோடு சேர்த்து 60 முதல் 70 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வால். 1885ல் விலங்கியலாளர் பூலஞ்சர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். வழக்கமாக மூன்று துணையினங்கள் சொல்வார்கள்: அகாந்துரஸ், பிராக்கியூரஸ், வட ஆஸ்திரேலியக் கரையோரத்து க்ரூட் தீவைச் சேர்ந்த இன்சுலானிக்கஸ். கடைசியானது சந்தைக்கு அநேகமாக வருவதே இல்லை. முதல் இரண்டைத்தான் வணிகத்தில் 'ரெட்', 'யெல்லோ' என்று விற்கிறார்கள். சிவப்பு சற்றுப் பெரிது, மஞ்சள் சற்றுச் சிறிது.

இந்தப் பங்கீடு அவ்வளவு சுத்தமானது இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆக்கியின் நிறம் அது வாழும் பாறையையும் மண்ணையும் ஒட்டி இடத்துக்கு இடம் மாறுகிறது. மரபணு ஆய்வுகள் இந்தக் கூட்டத்தின் பழைய எல்லைகளை மாற்றி வரைந்துகொண்டிருக்கின்றன. 2022ல் சிட்ரினஸ் என்று ஒரு கூட்டம் தனி இனமாகவே பிரிந்தது. அதோடு, ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. எனவே கனடாவில் இருக்கும் ஆக்கிகள் வளர்ப்பில் தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை. முதல் சோடி எந்த இடத்திலிருந்து வந்தது என்ற விவரம் அநேகரிடம் கிடையாது, இடையில் சிவப்பும் மஞ்சளும் கலந்தும் இருக்கலாம். 'சுத்தமான அகாந்துரஸ்' என்று சொன்னால், தாய் தகப்பனின் படத்தையும் வம்சப் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நல்ல வளர்ப்பாளர். காட்டாவிட்டால், 'சிவப்பு ஆக்கி' என்ற அளவுக்கு மட்டும் விலை கொடுங்கள். நாளை குஞ்சு எடுக்க நினைத்தால் இது முக்கியம். வளர்ப்பதற்கு மட்டும் என்றால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் கூண்டு, சூடு, உணவு எல்லாம் ஒன்றேதான். மகனுக்கு எந்த நிறம் பிடிக்கிறதோ அதை எடுக்கலாம்.

கூண்டுக்கு வருவோம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது ஒரு ஆக்கிக்குக் குறைந்தபட்சம். 4 அடி உயரம் கொடுத்தால் அடியில் மண் நிரப்பிய பிறகும் மேலே தாராளமாக இடம் இருக்கும். கம்பிவலை மூடியிட்ட மீன் தொட்டியை வாங்காதீர்கள். டொராண்டோ குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றையெல்லாம் உலர்த்திவிடும். வலை மூடி வழியாகச் சூடும் ஈரமும் ஒரு மணி நேரம் கூடத் தங்காது. முன்பக்கம் திறக்கும் மூடிய பெட்டி, உள்ளே நீர் புகாத பூச்சு, சின்னக் காற்றுத் துளைகள் போதும்.

மண்தான் உயிர்நாடி. உரம் கலக்காத தோட்ட மண்ணோடு மணலைக் கலந்து, 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி அழுத்துங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் வளை இடிந்து விழாமல் நிற்கும். ஆக்கி வாழும் நிலம் வறண்டது என்றாலும் அது தூங்குவது பாறை இடுக்கிலும் வளையிலும். அங்கே ஈரம் இருக்கும். மேல்மண் காய்ந்திருக்கட்டும், அடிமண் ஈரமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஓரத்தில் தண்ணீர் ஊற்றினால் அடியில் இறங்கிவிடும்.

இதன் எடையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரமண் கனமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன். 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 40 ஆழம் என்றால் மண் மட்டுமே 400 கிலோவைத் தாண்டும். மாடியில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் திகைத்துப்போவார்கள். நீங்கள் பேஸ்மென்டில் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் வசதி, கான்கிரீட் தரை தாங்கும். ஆனால் அதே தரை ஜனவரியில் சில்லென்று இருக்கும், அடிமண் சூட்டை உறிஞ்சிவிடும். கூண்டுக்கு அடியில் இரண்டு அங்குல வெப்பக்காப்பு நுரைப்பலகை போட்டு, அதன் மேல் ஒட்டுப்பலகை வைத்து நிறுத்துங்கள். எடையைப் பலகை பரப்பிக்கொடுக்கும்.

வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது கல்லின் சூடு, காற்றின் சூடு இல்லை. ஆக்கி வந்து படுத்து, உடம்பை 36, 37 டிகிரிக்கு ஏற்றிக்கொண்டு தானாக இறங்கிப் போய்விடும். இறங்கிப் போக இடம் இருப்பதுதான் முக்கியம்: கூண்டின் மறுமுனை 25, 26 டிகிரியில் இருக்கட்டும். ஒரே பெரிய விளக்கை விட 50 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் முழு உடம்புக்கும் சூடு பரவும். ஒரே புள்ளியில் குவிந்தால் முதுகு பொசுங்கும். விளக்கை எட்டித் தொட முடியாத உயரத்தில் வையுங்கள். சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி வாங்குங்கள், கூண்டுச் சுவரில் ஒட்டும் வட்ட முள் மானி வேண்டாம். புறஊதா பி கதிர் தரும் நீளக் குழல் விளக்கும் வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

விளக்குக்குக் கீழே பலகைகளை விரலளவு இடைவெளியில் அடுக்கடுக்காக வைப்பது ஃப்ராங்க் ரீட்ஸ் என்ற அமெரிக்க வளர்ப்பாளர் பரப்பிய முறை. மேல்தட்டு கொதிக்கும், கீழ்த்தட்டு குளிரும். குஞ்சு ஒளிந்துகொண்டே தனக்குப் பிடித்த சூட்டைத் தேர்ந்தெடுக்கும். செலவு கிடையாது, பலன் நிறைய.

உணவு எளிது. கிரிக்கெட் பூச்சிதான் அடிப்படை, கறுப்புப் படைஈப் புழு, பட்டுப்புழு, எப்போதாவது சூப்பர்வோர்ம் என்ற வண்டுப்புழு. குஞ்சுக்குத் தினமும், ஓராண்டு தாண்டினால் வாரம் மூன்று நாலு முறை. பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்பே கீரையும் காரட்டும் தின்னக் கொடுத்து, கால்சியம் தூளில் புரட்டிப் போட வேண்டும். எலிக்குஞ்சு மாதம் ஒன்று போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. கோழித் துண்டு, அரைத்த மாட்டிறைச்சி வேண்டாம். வெறும் தசையில் கால்சியம் இல்லை, தாடை எலும்பு ரப்பர் மாதிரி வளையும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. குஞ்சாக வாங்கும்போது ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண்ணாக இருந்தால், ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டை உருவாகலாம். முட்டையிட ஏற்ற சூடான ஈரமண் கிடைக்காவிட்டால் உள்ளேயே தேக்கி வைத்துக்கொள்ளும். அது உயிரையே எடுக்கும். வயிறு புடைத்து, சாப்பிடாமல், கூண்டு மூலைகளைப் பிறாண்டிக்கொண்டே இருந்து, பிறகு சோர்ந்து படுத்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நான் ஆழமான மண்ணை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்குக்குக் கீழ்ப்பக்கத்து மண் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் 28, 30 டிகிரி இருந்தால் பெட்டை தானே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன். ஆக்கி தானாக வந்து தாக்காது. பயந்தால் ஓடி இடுக்கில் புகுந்து உடம்பை ஊதி இறுக்கிக்கொள்ளும், முள்வாலால் வழியை அடைத்துக்கொள்ளும். பிடித்து இழுத்தால் கடிக்கும், கடித்தால் விரலில் ரத்தம் வரும். முதல் இரண்டு மூன்று மாதம் கையில் எடுக்கவே வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். நீண்ட இடுக்கியால் இரை கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். தானாகக் கைமேல் ஏறிவரும் நாள் வரும். அதற்கு முன் துரத்திப் பிடித்தால் மனிதக் கை என்றாலே எதிரி என்று பழகிவிடும், பிறகு மாற்றுவது கடினம்.

மகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நலமாக இருக்கும் ஊர்வனவற்றின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கையும் ரத்தத்தில் கிருமி பரவுவதையும் உண்டாக்கலாம். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும், தொட வேண்டாம். கூண்டுக்குப் பூட்டு போடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், அதற்கென்று ஒரு வாளி வையுங்கள். மகன் கூண்டில் கை வைத்த ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே தங்கையைத் தூக்க வேண்டும்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2013 டிசம்பர் பனிமழையில் டொராண்டோவில் பல வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தெர்மாக்கோல் குளிர்பெட்டி, துணிப்பை, வெந்நீர்ப் பை இரண்டு தயாராக இருந்தால் ஆக்கியை ஓரிரண்டு நாள் பத்திரமாக வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் உணவு கொடுக்கக் கூடாது; உடம்பில் சூடு இல்லாமல் செரிக்காது, வயிற்றிலேயே அழுகும்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் வாழும் நான்கு உடும்பு இனங்களும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பதும் வளர்ப்பதும் இறைச்சிக்கு வாங்குவதும் குற்றம். சிறைத் தண்டனை மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை போகும். வயலில் அடிபட்ட உடும்பைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுவராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, யூனிவர்சிட்டி. ஆக்கி பதினைந்து ஆண்டு, நன்றாகப் பார்த்தால் அதற்கு மேலும் வாழும். மகன் பதினெட்டில் வீட்டை விட்டுப் போனால் கிரிக்கெட் பூச்சிக்குக் கீரை போடப்போவது நீங்கள்தான். அதற்கு நீங்கள் மனதார சம்மதிக்கிறீர்களா என்று யோசியுங்கள். கடிதத்தைப் படித்தால் சம்மதிப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது, கபரகொய்யாவைப் பார்த்து ஆசைப்பட்டவர் அல்லவா. இருந்தாலும் வாரத்தில் எந்த நாள் யார் என்ன செய்வது என்று அப்பாவும் மகனும் சேர்ந்து இப்போதே பேசிவிடுங்கள்.

சம்மதம் என்றால் முதலில் கூண்டைக் கட்டி, வெறும் கூண்டாக மூன்று நாலு வாரம் ஓடவிடுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மகன் சூட்டை அளந்து நோட்டில் எழுதட்டும். எண்கள் நிலையாக நின்ற பிறகு வளர்ப்பாளரைத் தேடுங்கள். குஞ்சைக் கையில் எடுக்கும்போது கண் திறந்து பளிச்சென்று இருக்கிறதா, இடுப்பெலும்பு துருத்தாமல் வாலடி சதைப்பிடிப்பாக இருக்கிறதா, விரல்நுனிகளில் பழைய தோல் வளையமாக இறுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். எச்சத்தின் வெள்ளைப் பகுதி மென்மையாக இருக்க வேண்டும். மஞ்சளாகச் சுண்ணாம்புக் கட்டிபோல இருந்தால் தண்ணீர் போதவில்லை. உங்கள் முன்னாலேயே ஒரு பூச்சியைப் போடச் சொல்லுங்கள், நலமான ஆக்கிக் குஞ்சு யோசிக்காமல் பாயும். வாங்கிய இரண்டு வாரத்துக்குள் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அன்று காலை போட்ட எச்சத்தைச் சின்ன டப்பாவில் அடைத்து, போகும்வரை குளிர்ந்த இடத்தில் வைத்து எடுத்துப்போனால் புழுப் பரிசோதனையும் அப்போதே முடிந்துவிடும்.